காப்பை அடகு வைக்க முதல் ஒரு பென்சில் வாங்குங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு எடுத்த பிள்ளைகளும், பத்தாம் பதினோராம் வகுப்பில் இலத்திரனியல் படிக்கும் பிள்ளைகளும், அவர்களின் பெற்றோரும் பொறுமையாக வாசித்தால் போதும். மற்றவர்கள் ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபமில்லை.

போன கிழமை பாடசாலை விட்டு வரும்போது ஒரு உம்மா வாசலில் காத்திருந்தார். மகள் தொழினுட்பப் பிரிவில் படிக்கிறா. "சேர், சேர்க்கிட் கீறுற சொப்ட்வெயார் படிக்கோணுமாம், அதுக்கு நல்ல லெப்டொப் வேணுமாம் எண்டு மகள் செல்றா. காப்ப வெச்சி எடுத்துக் குடுக்கட்டா?" என்று கேட்டார். கையில் கிடந்தது அந்த ஒரு சோடிக் காப்புத்தான்.

அதே கிழமையில் வட்ஸ்அப்பில் நாலு பிள்ளைகள் அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். "சேர், பிகினருக்கு எந்த சொப்ட்வெயார் நல்லம்?" ஒருவருக்கு யூடியூபில் ஒருத்தர் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். இன்னொருவருக்கு ரியூசன் வகுப்பில் வேறொன்று. மூன்றாமவர் பென் டிரைவில் 'கிராக்' பண்ணின ஒன்றை ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதாமல் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

என்னுடைய கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்று வரிப்படம் என்பது ஒரு மொழி. அந்த மொழியை எழுதப் பழக்குகிற மென்பொருளே தொடக்கக்காரருக்கு நல்லது. அழகான கலர்ப் படம் தருகிற மென்பொருள் அந்த வேலையைச் செய்யாது. களவாகப் பிரதி பண்ணின மென்பொருள் எவ்வளவு பெரிய பெயருடையதாக இருந்தாலும் வேண்டாம். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கண்காட்சிக்கு ஒரு மாணவன் தானாக எரியும் விளக்கு ஒன்று செய்தான். இருட்டானால் எல்ஈடி பற்றும், வெளிச்சம் வந்தால் அணையும். நாலு பென்டோர்ச் பெற்றரி, அதாவது 6 வோல்ற்று. ஒரு ஒளியுணர் தடையி, ஒரு பிசி 547 திரான்சிற்றர், இரண்டு தடையிகள், ஒரு எல்ஈடி. அவ்வளவுதான். கம்பியூட்டரில் பிரிட்சிங் என்ற மென்பொருளில் அதைப் படமாகவும் கீறியிருந்தான். வெள்ளைப் பிரெட்போர்ட், சிவப்பு வயர், கறுப்பு வயர், உண்மையில் பார்ப்பது போலவே இருந்தது. கலர் பிரின்ட் எடுத்து லெமினேட் பண்ணித் தொங்கவும் விட்டிருந்தான். நானும் பாராட்டினேன்.

கண்காட்சிக்கு முதல் நாள் பின்னேரம் திரான்சிற்றர் எரிந்து போனது. கடையில் பிசி 547 இல்லை. "இதுவும் அதே சாமான்தான்" என்று 2என் 3904 கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரர் சொன்னதில் பெரிய பிழையில்லை. இந்த வேலைக்கு இரண்டும் பொருந்தும். அவன் படத்தைப் பார்த்து அதே மூன்று துளையில் அதே பக்கமாகச் செருகினான். விளக்கு பற்றியது, ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத மங்கல். பெற்றரியை மாற்றினான். தடையியை மாற்றினான். நானும் போய் வயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். படத்தில் உள்ளபடியே எல்லாம் சரி. ஆனால் விளக்கு சரியில்லை.

கடைசியில் இருவரும் பஸாரில் ரேடியோ திருத்தும் காக்காவிடம் போனோம். அவர் படித்தது எட்டாம் வகுப்பு வரை. லெமினேட் பண்ணின படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது படம் மகன். சேர்க்கிட் எங்க?"

"இதுதான் காக்கா சேர்க்கிட்."

"இந்தக் கறுப்பு மூணு கால்ல எது எமிற்றர்?"

அவனுக்குத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கும் வாயில் வரவில்லை. காக்கா ஒரு காட்போட் பெட்டியின் பின்பக்கத்தில் பேனையால் கீறினார். மேலே ஒரு கோடு, அது நேர். கீழே ஒரு கோடு, அது மறை. நடுவில் திரான்சிற்றர், அம்புக்குறி கீழ்நோக்கி. பிறகு இரண்டு திரான்சிற்றரையும் தட்டையான முகம் தன் பக்கம் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்துக் காட்டினார். பிசி 547 இல் இடமிருந்து வலமாக சேகரிப்பான், அடி, காலி. 2என் 3904 இல் காலி, அடி, சேகரிப்பான். நடுக்கால் ஒன்றுதான், ஓரக் கால்கள் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. திரான்சிற்றரைப் பிடுங்கித் திருப்பிச் செருகினார். விளக்கு பளிச்சென்று பற்றியது. இரண்டு நிமிட வேலை. காசும் வாங்கவில்லை.

அன்று எனக்கு விளங்கியது இதுதான். படம், சாமான் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டும். வரிப்படம், சாமான் என்ன வேலை செய்கிறது என்று காட்டும். வரிப்படத்தில் அம்புக்குறி உள்ள கால்தான் காலி. எந்தக் கம்பனியின் திரான்சிற்றர் வந்தாலும் அந்த அம்புக்குறி மாறாது. படத்தில் அப்படி ஒன்றுமே இல்லை, மூன்று கம்பிக் கால்கள் மட்டும்தான். கலியாண வீட்டுப் புரியாணிச் சஹனின் போட்டோவைப் பார்த்து யாரும் புரியாணி ஆக்க முடியாது. ஆக்குகிறவருக்கு வேண்டியது சாமான் லிஸ்ட்டும் பக்குவமும்.

காலும் சேகரிப்பானும் மாறினால் விளக்கு ஏன் முழுதாக அணையாமல் மங்கலாக எரிந்தது என்று சில பிள்ளைகள் கேட்பார்கள். திரான்சிற்றரைத் தலைகீழாகப் போட்டாலும் அது கொஞ்சம் வேலை செய்யும். ஆனால் நேராகப் போட்டால் நூறு மடங்குக்கு மேல் பெருக்குகிற சாமான், தலைகீழாகப் போட்டால் ஒருசில மடங்குதான் பெருக்கும். அதனால்தான் அந்த மங்கல். முழுதாகப் பழுதானதைக் கண்டுபிடிப்பது லேசு. அரைகுறையாக வேலை செய்வதைக் கண்டுபிடிக்கத்தான் வரிப்படம் வேண்டும்.

பிரிட்சிங்கைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஜேர்மனியின் பொட்ஸ்டாம் நகரத்தில் ஒரு கல்லூரியில் தொடங்கிய திட்டம் அது. திறந்த மூல மென்பொருள், தரவிறக்கச் சிறு தொகை கேட்கிறார்கள். அதற்குள் வரிப்படத்துக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் கலர்ப் பக்கத்தில் வேலையை முடித்துவிட்டு மற்றப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. திறந்தாலும் கோடுகள் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சிக்கிக் கிடக்கும், அதை நாமேதான் ஒழுங்குபடுத்த வேண்டும். டிங்கர்கேட் இணையத்தில் இலவசம், ஆர்டுயினோவையும் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். பயந்த பிள்ளைக்கு முதல் இரண்டு கிழமைக்கு மிக நல்லது. எட்டாம் ஒன்பதாம் வகுப்புக்கு நானே அதைத்தான் காட்டுகிறேன். ஆனால் அது நீச்சல் பழகும்போது இடுப்பில் கட்டுகிற ரியூப் மாதிரி. ஒரு கட்டத்தில் கழற்ற வேண்டும்.

அப்படியென்றால் என்ன ஒழுங்கில் போவது? நான் சொல்வது மூன்று படிகள்.

முதலாவது, பென்சில். சிரிக்க வேண்டாம். சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்று, ஒரு பென்சில், ஒரு அழிறப்பர். பரீட்சை மண்டபத்தில் உங்களுக்கு மவுஸ் தரமாட்டார்கள். வரிப்படம் கீறு என்று கேள்வி வந்தால் கையால்தான் கீற வேண்டும். நாலைந்து வழக்கங்களைப் பழகினால் போதும். நேர் வழங்கல் மேலே, மறை கீழே. சமிக்ஞை இடமிருந்து வலமாகப் போகும். இரண்டு வயர் சேரும் இடத்தில் ஒரு புள்ளி. புள்ளி இல்லாமல் குறுக்கே போனால் அவை சேரவில்லை என்று அர்த்தம். நாலு வயரையும் ஒரே புள்ளியில் சேர்க்காமல் கொஞ்சம் தள்ளி இரண்டு 'ரி' வடிவமாகச் சேர்த்தால், போட்டோப் பிரதியில் புள்ளி மறைந்தாலும் குழப்பம் வராது. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு பெயரும் பெறுமானமும். ஆர் 1 என்றால் 330 ஓம், ஆர் 2 என்றால் 47 கிலோ ஓம், இப்படி. தடையியைச் சில புத்தகங்களில் நீள்சதுரமாகக் கீறியிருப்பார்கள், சிலவற்றில் நெளிந்த கோடாக. முன்னது சர்வதேச நியமம், பின்னது அமெரிக்க வழக்கம். சாமான் ஒன்றுதான். ஒரே படத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் சரி.

இரண்டாவது, பால்ஸ்டாட். இது ஓர் இணையப் பக்கம். போல் பால்ஸ்டாட் என்ற அமெரிக்கர் செய்து இலவசமாக விட்டது. பதிவு செய்யத் தேவையில்லை, ஈமெயில் கேட்காது, பழைய கொம்பியூட்டரிலும் ஓடும். உம்மாவின் போனிலும் திறக்கும், விரலால் கீறுவது கொஞ்சம் கரைச்சல்தான். நீங்கள் வரிப்படமாகவே கீற வேண்டும், கலர்ப் பிரெட்போர்ட் எதுவும் கிடையாது. கீறினவுடன் அது ஓடத் தொடங்கும். மின்னோட்டம் சின்ன மஞ்சள் புள்ளிகளாக வயருக்குள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நேர் வோல்ற்றளவு உள்ள வயர் பச்சை, மறை என்றால் சிவப்பு, பூச்சியம் என்றால் சாம்பல்.

அந்த விளக்குச் சுற்றையே அதில் போட்டுப் பாருங்கள். 6 வோல்ற்றிலிருந்து 47 கிலோ ஓம் தடையி, அதன் கீழ் ஒளியுணர் தடையிக்குப் பதிலாக ஒரு சாதாரணத் தடையி, நடுவிலிருந்து திரான்சிற்றரின் அடிக்கு ஒரு வயர். கீழ்த் தடையியை 2 கிலோ ஓம் என்று வையுங்கள். அதுதான் வெளிச்சம். நடுவில் வருவது 6 இல் 49 இன் 2 பங்கு, அதாவது ஏறத்தாழ 0.24 வோல்ற்று. திரான்சிற்றர் திறக்க 0.6 அல்லது 0.7 வோல்ற்று வேண்டும், ஆகவே விளக்கு பற்றாது. இப்போது அதே தடையியை 500 கிலோ ஓம் ஆக்குங்கள். அதுதான் இருட்டு. மஞ்சள் புள்ளிகள் எல்ஈடிக்குள் ஓடத் தொடங்கும். நான் கரும்பலகையில் ஒரு மணித்தியாலம் கத்தியும் விளங்காத பிள்ளைக்கு இது பத்து நிமிடத்தில் விளங்கியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். பிறகு அந்தத் திரான்சிற்றரைத் தலைகீழாகவும் போட்டுப் பாருங்கள். காக்கா சொன்னதன் அர்த்தம் தெரியும்.

மூன்றாவது, கீகேட். அடிப்படை வந்த பிறகு, உண்மையான வேலைக்கு இதுதான் என் தெரிவு. 1992 இல் பிரான்ஸின் கிரெனோபிளில் ஜோன் பியர் ஷராஸ் என்ற விரிவுரையாளர் தொடங்கியது. அணுத்துகள் ஆராய்ச்சி செய்யும் ஐரோப்பாவின் சேர்ன் நிறுவனம் 2013 இலிருந்து அதன் வளர்ச்சிக்குக் கை கொடுத்தது. முழுக்க இலவசம். எத்தனை பக்கம் கீறலாம், பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று எந்தக் கட்டுப்பாடும் இல்லை. இலவசம் என்பதால் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்க வேண்டாம், தொழில் செய்கிற பொறியியலாளர்களும் இதைப் பாவிக்கிறார்கள்.

முதல் தடவை திறந்தால் பயமாகத்தான் இருக்கும். பொத்தான்கள் நிறைய. ஆனால் வரிப்படம் கீற நாலு எழுத்துப் போதும். ஏ அழுத்தினால் சாமான் வரும். டபிள்யூ அழுத்தினால் வயர். ஆர் அழுத்தினால் சாமான் திரும்பும். பி அழுத்தினால் மின்வழங்கல் குறியீடு. தடையி தேடும்போது ஆர் என்று மட்டும் போட்டால் நீள்சதுரம் வரும், அதோடு யூஎஸ் சேர்ந்திருப்பதை எடுத்தால் நெளிந்த கோடு வரும்.

இதில் எனக்குப் பிடித்தது, கீறி முடிந்ததும் பிழை பார்க்கிற வசதி. எந்தக் கால் எங்கும் சேராமல் தொங்குகிறது, எங்கே வழங்கல் இல்லை என்று அதுவே சொல்லும். தொடக்கக்காரர் எல்லோரும் சந்திக்கிற ஒரு பிழையை முதலே சொல்லிவிடுகிறேன். பெற்றரியைச் சரியாகத்தான் பூட்டியிருப்பீர்கள், ஆனாலும் "வழங்கல் காலுக்கு மின் எங்கிருந்தும் வரவில்லை" என்ற கருத்தில் ஒரு எச்சரிக்கை வரும். பயப்பட வேண்டாம், சுற்றில் பிழையில்லை. மின் வெளியிலிருந்து வருகிறது என்று அதற்கு நாம் சொல்ல வேண்டும். பவர் பிளாக் என்ற சின்னக் கொடி ஒன்று இருக்கிறது. நேர் கோட்டில் ஒன்று, மறைக் கோட்டில் ஒன்று வைத்தால் எச்சரிக்கை போய்விடும். இந்த இடத்தில் மனம் விட்டுப் போய் மூடிவிட்டு எழும்பின பிள்ளைகள் சிலரை நான் அறிவேன். பிசிபி பலகை வரைகிற பக்கத்தை முதல் மாதம் திறக்கவே வேண்டாம்.

இனி, கிராக் விசயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம், ஆனால் சொல்ல வேண்டும்.

நான் புதிதாக வந்த காலத்தில் விலை கூடிய ஒரு மென்பொருளின் கிராக் பிரதி ஒன்றை நண்பரிடமிருந்து பென் டிரைவில் வாங்கி, பாடசாலைக் கொம்பியூட்டர்களில் ஏற்றினேன். ஏற்றும்போது வைரஸ் தடுப்பானை நிறுத்தச் சொன்னது, நிறுத்தினேன். இரண்டு கிழமையில் எல்லாக் கோப்புகளும் குறுக்குவழிகளாக மாறிப் போயின. மூன்று ஆசிரியர்களின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் போயின. ஒரு மாணவி ஒரு தவணை முழுக்கச் செய்த செயற்றிட்டமும் போனது. அந்தப் பிள்ளை என்னைக் குறை சொல்லவில்லை, "பரவாயில்ல சேர்" என்றுதான் சொன்னா. அதுதான் இன்று வரை எனக்குக் கஷ்டம். குற்றவாளி வேறு யாருமில்லை, நான்தான்.

வைரஸ் வராவிட்டாலும் அது களவுதான். ஒருத்தரின் உழைப்பை அனுமதி இல்லாமல் எடுத்துக்கொண்டு, அதை வைத்துப் பிள்ளைக்கு அமானிதம் பற்றிப் படிப்பிக்க முடியாது. புரோட்டியஸ் போன்றவை தரமான மென்பொருள்கள், அதை மறுக்கவில்லை. காசு கொடுத்து வாங்கக்கூடிய நிறுவனம் வாங்கட்டும், அங்கே வேலைக்குப் போனால் அங்கே பழகலாம்.

கீகேட்டில் எனக்கு இன்னொரு நிம்மதி. தரவிறக்க 1 ஜிபிக்கு மேல் வரும், எல்லோரும் தனித்தனியாக டேட்டா போட்டு இறக்கக் கட்டாது. ஒருவர் இறக்கி, பென் டிரைவில் போட்டு, வகுப்பு முழுக்கக் கொடுக்கலாம். அதற்கு அதன் அனுமதிப் பத்திரமே இடம் தருகிறது. அன்று செய்த அதே பென் டிரைவ் வேலைதான். இன்று மனச்சாட்சி உறுத்தாமல் செய்கிறேன்.

"சேர், கம்பனிகளில் பெரிய மென்பொருள்தானே பாவிக்கிறார்கள், அதையே முதலில் படித்தால் என்ன?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பதில் ஈகிளின் கதை. 1988 இலிருந்து இருந்த பிரபலமான மென்பொருள் அது. நான் பழகியதும் அதில்தான். 2016 இல் ஓட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. இலவசப் பதிப்பில் இரண்டு பக்கம், 80 சதுர சென்ரிமீற்றர் பலகை என்று எல்லை வைத்தார்கள். 2023 இல், 2026 ஜூன் 7 ஆம் திகதியோடு அது முடிவுக்கு வரும் என்று அறிவித்தார்கள். அவர்களின் சொத்து, அவர்களின் முடிவு. ஆனால் பொத்தான்களை மட்டும் மனப்பாடம் பண்ணியவருக்கு அது பெரிய இழப்பு. வரிப்படம் என்ற மொழியைப் படித்தவர் அடுத்த மென்பொருளுக்கு ஒரு கிழமையில் மாறிவிடுவார். கீகேட்டின் கோப்புகள் வெறும் எழுத்துக் கோப்புகள், நம் கையிலேயே இருக்கும். யாரும் கணக்கை மூடிவிட்டால் காணாமல் போகாது.

வேறு பெயர்களும் கேட்டிருந்தீர்கள். எல்டிஸ்பைஸ் இலவசம், சுற்றின் நடத்தையைக் கணக்கிட்டுப் பார்ப்பதில் வலியது. உயர்தரம் முடித்து கம்பஸ் போகும் பிள்ளைகளுக்கு உதவும், இப்போது அவசரமில்லை. ஈஸி ஈடிஏ இணையத்தில் ஓடும், கீறிய பலகையைச் சீனாவுக்கு நேரே ஓடர் பண்ணலாம். பலகை அடிக்கும் கட்டத்துக்கு வந்தவர்களுக்கு வசதி. ஆனால் கணக்குத் திறக்க வேண்டும், இணையத்தை நம்பியிருக்க வேண்டும்.

பாடசாலைகளில் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற பழைய கொம்பியூட்டர்கள் இருப்பதையும் அறிவேன். கீகேட்டின் புதிய பதிப்புகள் அதில் ஓடாது. பழைய 5 ஆம் பதிப்பு ஓடும். அல்லது அந்தக் கொம்பியூட்டரில் லினக்ஸ் போடலாம். அதுவும் இலவசம்தான்.

அந்த உம்மாவுக்கு நான் என்ன சொன்னேன் என்று எழுதி முடிக்கிறேன்.

"காப்பைக் கழற்ற வேணாம் ராத்தா. இந்தத் தவணைக்கு மகளுக்கு ஒரு சதுரக் கொப்பியும் பென்சிலும் போதும். உங்கட போன ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் குடுங்க. லெப்டொப் தேவைப்படுற நேரம் வரும், அப்ப நானே செல்றன். அதுவும் புதுசு வேணாம்" என்றேன்.

அவர் நம்பினாரோ தெரியாது, தலையை ஆட்டிவிட்டுப் போனார். ஆனால் மகள் நேற்றுக் கொப்பியைக் கொண்டு வந்து காட்டினா. விளக்குச் சுற்று. நேர் மேலே, மறை கீழே, சேரும் இடமெல்லாம் புள்ளி. அம்புக்குறி சரியான காலில். பக்கத்தில் 0.24 என்று கணக்கும் போட்டிருந்தா. லெப்டொப் இல்லாமல், மென்பொருள் எதுவும் இறக்காமல். ரேடியோ காக்காவிடம் அந்தத் தாளைக் கொடுத்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் செய்து தருவார். எனக்கு அதுதான் பரீட்சை.

இரண்டு வேண்டுகோள். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சகோதரர்கள் பழைய லெப்டொப்பை மூலையில் போட்டு வைத்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். ஐந்தாறு வருடப் பழசு என்றாலும் இந்த வேலைக்குத் தாராளம். பாடசாலைக்கு நாலைந்து வந்தால் எந்த உம்மாவும் காப்பைத் தொட வேண்டி வராது.

மற்றது பிள்ளைகளுக்கு. வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு கணினி அறையில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். வெறும் பென் டிரைவ் ஒன்றும் கையால் கீறின ஒரு சுற்றும் கொண்டு வாருங்கள். சுற்றைக் காட்டினால்தான் கீகேட் தருவேன். ரேடியோ காக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். பிழை இருந்தால் என்னைவிட அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

வேறு கருத்துள்ளவர்கள் கீழே எழுதுங்கள். நான் பிழை என்றால் திருத்திக்கொள்கிறேன்.